வேறு பறவைகள் இல்லை

பத்து மணியாகியும் சோனு தினையைத் தொடவில்லை. தொடவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கிண்ணத்தின் ஓரத்தில் நாலைந்து உமி ஒட்டிக்கொண்டிருந்தது, அது நேற்றுச் சாயங்காலத்து உமியா இன்று காலையதா என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பறவையை என் வீட்டில் விட்டுப் போகலாம், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வேன் என்று போனில் இருந்த எண்ணுக்கெல்லாம் செய்தி அனுப்பியவளுக்கு ஓர் உமியின் வயது தெரிந்திருக்க வேண்டும். காலையில் கிண்ணத்தை ஊதித் துடைத்து வைத்ததாகத்தான் ஞாபகம், ஆனால் அந்த ஞாபகம் வெள்ளிக்கிழமைக் காலையுடையதாகவும் இருக்கலாம். நாலு நாளாக எல்லாக் காலையும் ஒரே காலையாக இருக்கிறது. எழுந்ததும் கூண்டு, கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாள், தாளின் மேல் எச்சம், எச்சத்தின் நிறம். இன்றைக்கு எச்சம் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் எந்தப் பச்சை? நேற்று ஓர் இணுக்கு முருங்கைக்கீரை கொடுத்திருந்தாள், அந்தப் பச்சையாக இருந்தால் பிழைத்தோம். சோனு கம்பின் கோடியில் உடம்பை உப்ப வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் வட்டமாக ஆரஞ்சுப் பொட்டு, மற்றபடி சாம்பல் நிறம். காக்டீல் என்று பெயர், இதை விட்டுப் போன மேடம் வீட்டில் எல்லாரும் கிளி என்றுதான் சொல்வார்களாம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம், இரண்டு காலையும் ஊன்றி உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நோய். இது அவள் படித்தது. குனிந்து பார்த்தாள். இறகுப் பந்துக்கு அடியில் எத்தனை கால் ஊன்றியிருக்கிறதென்று தெரியவில்லை. பதினொரு மணிக்கு வத்சலா மேடம் பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்திலும் அந்த அம்மாள் ஒரு நாள் தவறவில்லை, பதினொன்று என்றால் பதினொன்று. சோனுவைப் பார்ப்பார், பெயர் சொல்லிக் கொஞ்சுவார், சாப்பிட்டதா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இன்று என்ன சொல்வது. சாப்பிடவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால், அந்த ஏனுக்குப் பின்னால் இருக்கிற விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும்.

அந்த விஷயம் ஒரு வரியில் இருந்தது. அவளே தட்டச்சு செய்து அச்செடுத்த இரண்டு பக்கப் படிவத்தின் கடைசி வரி. யாரும் அவளைப் படிவம் கேட்கவில்லை. தில்லைநகரில் செல்லப்பிராணிக் கடையில் எட்டு மாதம் பில் போட்டுக்கொண்டிருந்தபோது பறவை வளர்ப்பவர்கள் வந்து புலம்புவார்கள், நாய்க்கு விடுதி இருக்கிறது, எங்கள் கிளியை எங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போவது என்று. அதைக் கேட்டுத்தான் இந்த யோசனை வந்தது. யோசனை வந்ததும் முதலில் அவள் செய்தது கூண்டு வாங்கியது அல்ல, படிவம் தயாரித்தது. எதையும் எழுத்தில் வைத்துவிட்டால் தப்பு நடக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவளுக்கு வருகிற நம்பிக்கை அது, பேச்சு நம்மைக் கைவிடும், தாள் கைவிடாது. பறவையின் பெயர், வயது, பிடித்த தீனி, கடைசியாக இறகு உதிர்த்த மாதம், பயப்படும் சத்தங்கள். பிறகு அவள் தரப்பில் உறுதிமொழிகள். கொசுவத்தி கொளுத்த மாட்டோம். சாம்பிராணி போட மாட்டோம். பூனை கிடையாது. எங்கள் வீட்டில் வேறு பறவைகள் இல்லை. அந்தக் கடைசி வரியைத் தட்டும்போது விரல் நின்றது. நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வரியைத் திரும்பப் படித்தாள். எங்கள் வீட்டில் வேறு பறவைகள் இல்லை. உண்மை. ஒரு குருவி கூட இல்லை. அப்பாவின் கறிக்கடை இரண்டு தெரு தள்ளி, பாலக்கரை மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இருந்தது, அது வீடு அல்ல, அங்கே கம்பி வலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கிற வெள்ளைக் கோழிகள் வீட்டுப் பறவைகள் அல்ல. பொய் சொல்லாமலேயே மறைத்துவிட முடிகிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டாள்.

இந்நேரம் கடையில் கூட்டம் நெரியும். எட்டரைப் பூசை முடிந்து வருகிறவர்கள், பூசைக்கு முன்னாலேயே கறி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் இருக்க வேண்டிய இடம் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல், பதினொரு வயதிலிருந்து அதுதான் அவள் இடம், பையைப் பிரித்துப் பிடிக்க வேண்டும், தோலோடவா உரிச்சா என்று கேட்க வேண்டும், கறுப்புப் பைக்குள் வெள்ளைப் பை போட்டு முடிச்சுப் போட வேண்டும். அவளுக்குப் பின்னால் இறகு பிடுங்குகிற மிஷின் தடதடக்கும். அந்தத் தடதடப்புக்கு மேலே குரலை உயர்த்திப் பேசியே வளர்ந்ததால் வகுப்பில் சாதாரணமாகப் பேசினாலும் சத்தமாக இருக்கும், ஏன்டி கத்துற என்பார்கள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி அவள் சடையிலிருந்து ஒரு வெள்ளை இறகை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். கேலி கூடச் செய்யவில்லை, மூக்கைச் சுளித்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு வந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கல்லூரி விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினாள். அதுவும் உண்மைதான். அவள் எழுதியவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை, எல்லாம் உண்மை, வரிசையாக நிறுத்தினால் அத்தனை உண்மையும் சேர்ந்து அப்பாவை மறைத்துக்கொண்டு நிற்கும். பட்டமளிப்பு நாளன்று அப்பா முகத்துக்குப் பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்திருந்தார். விலங்கியல் துறைத் தலைவர், வாங்க சார், உங்க பொண்ணு பிரமாதமாப் படிச்சா என்று கையை நீட்டினார். அப்பா கை கொடுக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து மார்புக்கு நேரே வைத்துக் கும்பிட்டார். தலைவர் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார். நகக்கண்ணில் இருப்பது எந்தச் சோப்புக்கும் போகாது என்பது அவளுக்குத்தான் தெரியும், அப்பாவுக்கும். அன்று அவளுக்கு என்ன தோன்றியது? அப்பாடா என்று தோன்றியது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

சோனு தலையை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி உப்பிக்கொண்டது. உதறினால் என்ன அர்த்தம்? போனில் தேடினாள். உதறுவது இயல்பு என்று ஓரிடத்தில் இருந்தது, மூச்சுக்குழாய்த் தொற்றின் தொடக்கம் என்று இன்னோரிடத்தில் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், தெரிந்த தனியார் டாக்டர் ஒருவர், அவர் நாயும் பூனையும் தவிர எதையும் தொடுவதில்லை. மணி பத்து இருபது. வெள்ளைக்கழிச்சல். அந்தச் சொல்லைக் காலையிலிருந்து நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள், இப்போது அது தானாக உள்ளே வந்து உட்கார்ந்தது. கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் அந்த நோய் கிளிக்கும் வரும். இறைச்சியில் வரும், இறகில் வரும், போட்டிருக்கிற துணியில் வரும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். படித்ததுதான். படித்ததால்தான் புதன்கிழமை அப்பாவிடம் சொன்னாள், அப்பா, இந்தக் கிளி இருக்கிற அஞ்சு நாளும் நீங்க கடையிலேயே இருந்துக்கிறீங்களா, கோழிக் கிருமி ரொம்ப மோசம்ப்பா, வெளிநாட்டுல எல்லாம் இதுக்குச் சட்டமே இருக்கு. வெளிநாட்டை ஏன் இழுத்தாள் என்று தெரியவில்லை. அப்பா சவரிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சு நாள்தானே பாப்பா, இருந்துட்டாப் போச்சு என்றார், ஒரு கைலியையும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு போனார். போகும்போது, படிச்சவ சொல்றா, கேட்டுக்கணும் என்று அம்மாவிடம் சொன்னது படியிலிருந்து கேட்டது. அதில் பெருமை இருந்தது.

வியாழக்கிழமை நடந்தது வேறு. வத்சலா மேடம் காரில் வந்து, கூண்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, வெளிப்படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். படிவத்தை இரண்டு பக்கமும் படித்தார். நல்லா பண்ணியிருக்கீங்க என்றார். பிறகு, தப்பா நினைச்சுக்காதீங்க, வீட்ல சைவம்தானா என்று கேட்டார். இங்க சமைக்கிறதே கம்மி மேடம் என்றாள் ரெஜினா. அதுவும் உண்மை, அம்மாவும் கடையில் இருப்பதால் பாதி நாள் வெளியில்தான் சாப்பாடு. அந்த நேரம் பார்த்து அப்பா தோளில் தண்ணீர் கேனோடு படியேறி வந்தார். வீட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று அம்மா சொல்லியிருப்பாள். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியிலேயே கேனை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார், பனியன், மடித்துக் கட்டிய கைலி. மேடம் அவரைப் பார்த்து, ஏம்ப்பா, தில்லைநகர் பக்கமும் தண்ணிக் கேன் போடுவியா, எங்க ஃப்ளாட்டுக்கு வர்றவன் ஒழுங்கா வர மாட்டேங்கறான் என்றார். ரெஜினா வாயைத் திறந்தாள். திறந்தாள் என்பது சத்தியம். வார்த்தை வருவதற்குள் அப்பா, சரிங்கம்மா என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். வாசலில் இருந்த காலிக் கேனைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார், அந்த வேலை செய்கிறவர் எடுத்துக்கொண்டு போவதைப் போலவே. அவள் எதையும் மறுக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்குக் கோயிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறாள், சீடர் தன் குருவை மூன்று தடவை தெரியாது என்றதும் சேவல் கூவும். அப்பாவின் கடையில் சேவல் கூவாது. நாற்பது நாள் கோழிகள், கூவக் கற்றுக்கொள்ளும்வரை யாரும் விட்டுவைப்பதில்லை.

ஆனால் கிருமி உண்மை, என்று அவள் மனதுக்குள் மறுபடி சொன்னாள். கிருமி உண்மைதானே. அடையாள அட்டையைக் காட்டுவதைப் போல அந்தக் காரணத்தைத் தனக்கே எடுத்துக் காட்டினாள். நான் வெட்கப்பட்டு அப்பாவை வெளியே வைக்கவில்லை, கிருமிக்காக வைத்தேன். சரி, அம்மா? அம்மா தினமும் கடையில்தான் நிற்கிறாள், ஈரலும் இரைப்பையும் பிரித்துக் கொடுப்பது அம்மாதான், அம்மா மட்டும் மத்தியானம் வந்து இதே அறை வாசலில் நின்று, என்னடி உன் ராசா தின்னாரா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளிடம் குளித்துவிட்டு வா என்றாவது சொன்னாயா? இல்லை. கிருமி அப்பாவை மட்டும்தான் பிடிக்குமா? அம்மா சேலை கட்டுகிறாள், சேலை கட்டிக்கொண்டு நின்றால் அம்மா யார் வேண்டுமானாலும் ஆகலாம், பள்ளிக்கூட ஆயா, தையல்காரி, யாரோ ஓர் அம்மா. அப்பாவால் அப்படி ஆக முடியாது. அந்தக் கை, அந்தப் பனியன், அந்த வாசனை, அவர் எங்கே நின்றாலும் கறிக்கடைக்காரர். இதுதான். இது ஒன்றுதான். படித்த நாலு வரி நோயைக் கொண்டு அவள் அப்பாவை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறாள். அப்படியே அனுப்பியும் கிருமி வந்திருந்தால், அது அம்மாவோடு வந்திருக்கும், அல்லது அவளோடேயே வந்திருக்கும், புதன்கிழமைவரை அவளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பை முடிச்சுப் போட்டவள்தானே. சோனு செத்துப்போனால் எங்கள் வீட்டில் வேறு பறவைகள் இல்லை என்ற அந்த வரிதான் அதைக் கொன்றிருக்கும். மேடத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் பறவையோடு எல்லாம் முடிந்தது, தில்லைநகர் முழுக்க வாட்ஸாப்பில் போய்விடும், கறிக்கடைக்காரன் வீட்டில் கிளியை விட்டீர்களா என்று. சொல்லாமலிருந்தால்? சோனு கண்ணை மூடியது. முழுதாக மூடியது.

பத்து முப்பத்தைந்துக்கு அப்பாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, கை ஈரமாக இருக்கும். மறுபடி செய்தாள். அம்மா எடுத்தாள். “என்னடி, பூசை முடிஞ்சு கூட்டம் கழுத்தைப் பிடிக்குது, இப்பத்தான் உனக்குப் பேசத் தோணுதா?” பின்னால் மிஷின் தடதடத்தது, யாரோ, லூர்தக்கா எனக்கு ஈரல் தனியா வையி, போன வாரம் ஏமாத்திட்ட என்று கத்தினார்கள், ஒன்னைய ஏமாத்தி நான் மாடியா கட்டிட்டேன் என்று அம்மா அந்தப் பக்கம் பதில் கொடுத்தாள். “கிளி ஒரு மாதிரி இருக்கும்மா. அப்பாவக் கொஞ்சம் வரச் சொல்லேன்” என்றாள் ரெஜினா. “ஏன், மகாராசா கழிஞ்சா தொடைக்க ஆள் வேணுமா? வீட்டுப் பக்கம் வராதன்னு சொன்ன வாய் எது? மனுசன் நாலு நாளா கடைப் பலகையில படுத்து இடுப்பு புடிச்சுக் கெடக்குறாரு, கத்தியத் தூக்க முடியல.” “அம்மா, வரச் சொல்லும்மா.” “வரச் சொல்றேன். குளிச்சிட்டு வரச் சொல்லவா, அப்படியே வரச் சொல்லவா? அதையும் நீயே சொல்லு.” ரெஜினா கூண்டைப் பார்த்தாள். அப்படியே வரட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், இரண்டு சொல். “குளிச்சிட்டு” என்றாள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

எதற்காகக் கூப்பிட்டாள் என்று பிறகுதான் யோசித்தாள். அப்பாவுக்குக் கிளியைப் பற்றி என்ன தெரியும். கோழி நோயைப் பற்றியும் தெரியாது, ஒரு நாளைக்கு மேல் எந்தக் கோழியும் அவரிடம் இருந்ததில்லை, வாடி நின்றால் முதலில் அதை ஒதுக்கிவிடுவார், அவ்வளவுதான் அவர் வைத்தியம். வைத்தியத்துக்குக் கூப்பிடவில்லை. தனியாக இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா மருந்து கொடுப்பாள், அப்பா சும்மா கதவோரம் நிற்பார், அந்த நிற்றல் வேண்டியிருந்தது. கதவோரம் நிற்கத் தெரிந்தவரைத்தான் அவள் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். பத்து ஐம்பது. குளித்து, துணி மாற்றி, இரண்டு தெரு நடந்து. பத்து ஐம்பத்தெட்டுக்குப் போன் அதிர்ந்தது, மேடம் இரண்டு நிமிடம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்.

திரையில் முதலில் மாவிலைத் தோரணம் தெரிந்தது, பிறகு வத்சலா மேடத்தின் கண்ணாடி, பிறகு முழு முகம். “சோனுக்குட்டி! எங்கடா இருக்க? கண்ணா!” ரெஜினா போனைக் கூண்டுப் பக்கம் திருப்பினாள். சோனுவின் கண் திறந்தது. கொண்டை எழுந்தது. உப்பியிருந்த உடம்பு ஒரே உதறலில் மெலிந்து, கம்பின் இந்தக் கோடிக்கு ஓடிவந்து, கம்பியில் அலகை நுழைத்து, சீட்டியடித்தது. ஒருமுறை அல்ல, மூச்சுவிடாமல் நாலு முறை. “பார்த்தீங்களா! காலைல மூஞ்சியத் தூக்கி வச்சிருந்ததா? நாலாம் நாள் இப்படித்தான் பண்ணும், எங்கிட்டக் கோபம் அதுக்கு” என்று மேடம் சிரித்தார். சோனு கிண்ணத்துக்கு இறங்கித் தினையைக் கொத்தத் தொடங்கியது, உமி நாலாபக்கமும் தெறித்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. இனிச் சொல்ல வேண்டியதில்லை, போனை வைத்துவிடலாம், நாளைக்கு மேடம் வந்து கூண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததற்கு இது தெரியவில்லை, அது வந்துவிட்டது.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எங்கப்பா கறிக்கடை வச்சிருக்கார். கோழிக் கறிக்கடை. ரெண்டு தெரு தள்ளி. படிவத்துல அதை எழுதல. எழுதியிருக்கணும்.”

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அவர் சோனுகிட்ட வந்தாரா?”

“இல்ல மேடம்.”

“அந்த ரூமுக்குள்ள?”

“இல்ல மேடம்” என்றாள், குரல் தானாக உயர்ந்தது, மிஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். “அப்பாவ நான் வீட்டுக்குள்ளயே விடல மேடம். புதன்கிழமையிலேருந்து வாசப்படி தாண்ட விடல.”

மேடம் பெருமூச்சு விட்டார். “அப்பாடா. அப்ப சரி. யாரும்மா இந்தக் காலத்துல இவ்வளவு பொறுப்பா இருக்கா? மறைக்காமச் சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிசு. எங்க ஃப்ளாட்லயே இன்னும் ரெண்டு வீட்ல கிளி இருக்கு, உங்க நம்பர் குடுக்கறேன். நல்ல பொண்ணும்மா நீ.”

“தேங்க்ஸ் மேடம்” என்றபோதுதான் அறை வாசலுக்கு நேரே, திறந்திருந்த வாசற்கதவுக்கு வெளியே, அப்பா நிற்பதைப் பார்த்தாள். படிக்கட்டின் மேல்படியில் நின்றிருந்தார். தலை ஈரம் சொட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று மடித்து வைத்திருக்கும் சட்டையைப் போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. போன் அணைந்தது.

“என்ன பாப்பா, கிளிக்கு என்ன?” என்றார் அப்பா. எதையும் கேட்காதவருடைய குரலைப் போல அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. இப்பச் சாப்பிடுது.”

“சாப்பிடுதில்ல? அப்பறம் என்ன. உங்கம்மா பயந்துட்டா.” இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார், கூண்டின் ஒரு மூலைதான் அங்கிருந்து தெரிந்திருக்கும். “அழகாத்தான் இருக்கு” என்றார்.

“அப்பா, உள்ள வாங்கப்பா.”

அவர் வரவில்லை. அவள் எழுந்து அறை வாசலுக்கு வந்தாள், கூடத்தைக் கடந்தாள், கதவுவரை வந்தாள். பக்கத்தில் வந்ததும் அவர் அரைப் படி கீழே நகர்ந்துகொண்டார். வேறு ஏதாவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு உண்மையான ஒரு வாக்கியம் அவளிடம் இல்லை. இருந்த உண்மையை எல்லாம் இப்போதுதான் மேடத்திடம் சொல்லி முடித்திருந்தாள்.

“வாங்கப்பா” என்றாள் மறுபடியும்.

“வேணாம் பாப்பா” என்றார் சவரிமுத்து, குரலைத் தாழ்த்தி, உள்ளே யாரோ தூங்குவதைப் போல. “அந்தம்மா ரெண்டு வீட்டுக்குச் சொல்றேங்குது. இப்பப் போயி நான் உள்ள வந்தா, நீ சொன்னது பொய்யாயிடும்.”

திரும்பி இறங்கினார். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கிளி மிரண்டுவிடக் கூடாதென்று, செருப்பின் சத்தம் எழாதபடி ஒவ்வொரு படியாக இறங்கினார்.